மூன்று கண் கைக்கடிகாரம்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற மலாக்கா மாநிலச் சிறு பட்டணங்களின் கடைவீதியில் நடப்பவர் கண்ணில், ஏதாவது ஓர் அஞ்சடியில், கடிகாரம் பழுது பார்ப்பவரின் கண்ணாடிப் பெட்டி இன்றும் படக்கூடும். பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய கைக்கடிகாரங்களில் இளைஞர்களின் விரல் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் ஒரே வகையைத்தான். அகன்ற முகப்பு, அதற்குள் கண்களைப் போல மூன்று சிறு வட்டங்கள், வலப்பக்கத் திருகிக்கு மேலும் கீழுமாக இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நீண்ட முள் ஒன்று ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். கடைக்காரர்கள் இதைக் 'குரோனோ' என்பார்கள். முழுப்பெயர் குரோனோகிராஃப். நேரத்தைக் காட்டுவதோடு, ஒரு செயல் எவ்வளவு நேரம் நடந்தது என்று அளந்தும் சொல்லும் கடிகாரம் இது.

எஸ்.பி.எம். தேர்வு முடித்து, ஒரு தொழிற்சாலையிலோ கடையிலோ வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கிய பையன் அந்தப் பெட்டியின்முன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சில நூறு ரிங்கிட் அவனுக்குச் சின்னப் பணமில்லை. வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் குறைத்துத்தான் இதை எடுத்திருப்பான். அந்தக் கடிகாரம் பத்தாண்டு ஓடுமா, இரண்டே ஆண்டில் மேசை இழுப்பறைக்குள் போய்விடுமா? முகப்பின் அழகைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பின்மூடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அவனுடைய தாத்தா பாட்டி காலத்தில் நேரம் யாருடைய கையிலும் இருந்ததில்லை. 1890களில் தான் சே யான் என்ற செல்வந்தர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானிலும் தோட்டம் எழுந்தது. பின்னாளில் மாநிலம் முழுதும் பரவிய தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தில் நேரம் அலுவலகத்துக்குச் சொந்தம். விடியுமுன் மணி ஒலிக்கும். லயத்தில் விளக்குகள் எரியும். எல்லாரும் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் மரத்துக்குள் இருந்தது. பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் அதிகாலையில்தான் மிகுதியாக இருக்கும். வெயில் ஏற ஏற மரம் நீரை இழக்கும், அழுத்தம் தணியும், பால் ஒழுகுவதும் குறையும். பிந்தி வெட்டினால் வாளியில் பால் குறைவு. பால் குறைந்தால் கூலியும் குறையும். கடிகாரமே இல்லாத வீடுகளிலும் நேரத்தின் விலை நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தையே மேலிடத்தில் இருந்தவர்கள் மாற்றிய காலமும் உண்டு. 1942இல் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால், தள்ளி வைக்கச் செய்தார்கள். சூரியன் தன் பழைய நேரத்துக்கே உதித்தது. 1945இல் பழைய கணக்கு திரும்பியது. பிறகு 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்ந்தன. சபா, சரவாக்குடன் நாடெங்கும் ஒரே நேரம் வந்தது.

அதே 1982இல் மலாக்கா நகரிலும் ஒரு மாற்றம். டச்சுச் சதுக்கத்தில் சிவப்பு நிறத்தில் நிற்கும் மணிக்கூண்டு, தான் பெங் சுவீ என்பவரின் நினைவாக 1886இல் எழுப்பப்பட்டது. அதிலிருந்த பழைய இங்கிலாந்துக் கடிகாரத்தை எடுத்துவிட்டு ஜப்பானின் செய்கோ நிறுவனக் கடிகாரத்தைப் பொருத்தினார்கள். ஊரின் முதியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை அவர்கள் மறக்கவில்லை. சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை என்பதை நினைத்தால், அந்தக் கசப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கூண்டின்மேல் அந்தப் பெயர் ஏறியபோது, ஜப்பானியக் கடிகாரங்கள் ஏற்கெனவே கடைகளுக்கு வந்துவிட்டிருந்தன. உலகம் முழுதும் கைக்கடிகாரத்தின் உள்ளமைப்பு மாறிக்கொண்டிருந்த காலம் அது.

முன்பெல்லாம் கைக்கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே சுருட்டிய வில் மெல்ல மெல்ல விரிந்து சக்கரங்களை ஓட்டும். நல்ல கடிகாரம்கூட நாளுக்குச் சில விநாடிகள் முன்பின் போவது இயல்பு. 1969 டிசம்பர் 25ஆம் நாள் செய்கோ நிறுவனம் 'அஸ்ட்ரோன்' என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குள் வில்லுக்குப் பதிலாக ஒரு சிறு மின்கலமும் குவார்ட்ஸ் என்னும் படிகத் துண்டும் இருந்தன. விலை 450,000 யென். அந்தப் பணத்துக்கு அன்று ஜப்பானில் ஒரு சிறிய காரே வாங்கியிருக்கலாம்.

குவார்ட்ஸ் என்பது மணலிலும் பாறையிலும் காணப்படும் பொருள்தான். அதன்மேல் மின்சாரம் பாய்ந்தால் அது அதிரும். எப்போதும் ஒரே வேகத்தில் அதிரும். அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இத்தொடர்பை 1880இல் பிரான்சில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். இன்றைய கைக்கடிகாரங்களில் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் ஏன் என்று கணிதம் தெரிந்த மாணவர் உடனே கண்டுபிடிக்கலாம். 32,768ஐ இரண்டால் வகுத்தால் 16,384. மறுபடி வகுத்தால் 8,192. இப்படிப் பதினைந்து முறை வகுத்தால் 1 வரும். மின்சுற்று இந்த வகுத்தலை ஓயாமல் செய்து, விநாடிக்கு ஒரு துடிப்பை வெளியே அனுப்புகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு மோட்டாரை ஒரு படி திருப்ப, விநாடி முள் 'டிக்' என்று நகர்கிறது. இதனால் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கே பதினைந்து இருபது விநாடிதான் தவறும். சாவி கொடுக்கும் கடிகாரம் ஒரே நாளில் தவறக்கூடிய அளவு அது.

இந்த மாற்றம் யாரையும் விட்டுவைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலையே நம்பியிருந்த பல்லாயிரம் பேர் 1970களிலும் 80களிலும் வேலை இழந்தார்கள். இந்தியாவில் 1961 முதல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்து வந்தது. தேர்வில் தேறியவருக்கும் மணமகனுக்கும் அதுதான் பரிசு. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்தன. டைட்டன் குவார்ட்ஸையே நம்பி இறங்கியது. சில ஆண்டுகளிலேயே எச்.எம்.டி. பின்தங்கியது. மலாக்காவில் அதே காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பால்வாளியை விட்டுவிட்டு, பத்து பெரண்டாம் போன்ற தொழில் வட்டாரங்களின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அங்கே பெரட்டு மணி இல்லை. வேலைநேர அட்டையில் நிமிடம் பதிவாகும். கையில் சரியான கடிகாரம் அலங்காரப் பொருளாக இல்லாமல் தேவையாகவே ஆனது.

இனி அந்த மூன்று கண்களுக்கு வரலாம். சாவி கொடுக்கும் குரோனோகிராஃப் மிகச் சிக்கலான பொருள். நெம்புகோல்களும் சக்கரங்களும் வில்களுமாக இருநூறுக்கும் மேற்பட்ட பாகங்கள் இருக்கும்; விலையும் ஆயிரக்கணக்கில் போகும். 1983இல் செய்கோ வெளியிட்ட 7ஏ28 என்ற இயந்திரம்தான் முள் வைத்த முதல் குவார்ட்ஸ் குரோனோகிராஃப். அதன் உத்தி எளிமையானது. எல்லா முட்களையும் ஒரே மோட்டாரிலிருந்து சக்கரங்கள் வழியாக ஓட்டாமல், தனித்தனி மோட்டார்களைக் கொடுத்துவிட்டார்கள். அதில் மொத்தம் நான்கு மோட்டார்கள். எது எப்போது ஓட வேண்டும் என்பதை மின்சுற்று சொல்லும். சிக்கல் சக்கரத்திலிருந்து சில்லுக்கு மாறியதால் விலை சரிந்தது. தோட்டத்துப் பையனின் கைக்கும் குரோனோகிராஃப் எட்டியது இப்படித்தான்.

இன்று கடையில் உள்ளவற்றில் ஓட்டும் முறை பலவிதம். சிலவற்றில் அளக்கும் முள் விநாடிக்கு ஒரு படி நகரும். சிலவற்றில் ஐந்து படி. இன்னும் சிலவற்றில் விநாடியின் இருபதில் ஒரு பங்கைக் காட்டவே தனிச் சிறு வட்டம் இருக்கும். செய்கோவின் வி.கே. வரிசை ஒரு கலப்பினம்: நேரத்தைக் குவார்ட்ஸ் காக்கும், ஆனால் கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் இதய வடிவ உலோகத் தகடு ஒன்று முள்ளைக் கண்ணிமைக்குமுன் பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்தும். மற்றவற்றில் முள் சுற்றி நடந்துதான் திரும்பும். இன்னொன்றும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் இயந்திரத்தைத் தாமே செய்வதில்லை. செய்கோ குழுமத்திடமோ, சிட்டிசன் குழுமத்தின் மியோட்டாவிடமோ, சுவிட்சர்லாந்தின் ரோண்டா, ஈ.டி.ஏ. போன்றவற்றிடமோ வாங்கிப் பொருத்துகின்றன. ஆகவே விலையில் இரண்டு மடங்கு வேறுபடும் இரு கடிகாரங்களுக்குள் ஒரே மெஷின் இருக்கலாம். "இதுக்குள்ள என்ன மெஷின் அண்ணே?" என்று கேட்பவரைக் கடிகாரக்காரர் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்பார்.

பயன் என்ன? பள்ளித் திடலில் நூறு மீட்டர் ஓட்டப் பயிற்சி நடக்கிறது. ஓட்டம் தொடங்கும் இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. நேரம் பார்ப்பவர் முடிவுக் கோட்டில் நிற்கிறார். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். நூறு மீட்டரைக் கடக்க அதற்கு 0.29 விநாடி வேண்டும். சத்தம் கேட்ட பிறகு பொத்தானை அழுத்தினால் ஓடுபவருக்கு அவ்வளவு நேரம் இலவசமாகக் கிடைத்துவிடும். புகையைப் பார்த்து அழுத்த வேண்டும் என்பது அதனால்தான். புகையைப் பார்த்தாலும் கண்ணிலிருந்து விரலுக்குச் செய்தி போய்ச் சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஆகிவிடுகிறது. கடிகாரமோ இருபதில் ஒரு பங்கைக் காட்டுகிறது! குவார்ட்ஸ் பிழை செய்வதில்லை, விரல்தான் செய்கிறது. இதற்காகவே தடகள விதிகளில் கைநேரத்தை மூவர் எடுப்பார்கள். இருவருடையது ஒத்திருந்தால் அதையே கொள்வார்கள். மூன்றும் வேறானால் நடுவில் உள்ளது. ஓடுதளப் பந்தயத்தில் கிடைத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கியே எழுதுவார்கள். அங்கே கைநேரம் எடுக்கவும் எண்களைக் காட்டும் மின்னணுக் கருவிதான் வேண்டும். முள் வைத்த குரோனோவைக் கொண்டு நிற்க இடமில்லை. பயிற்சிக்கு அது போதும். யார் முதலில் வந்தார் என்ற வழக்கைத் தீர்க்க அது உதவாது.

முகப்பைச் சுற்றி 60, 80, 120 என்று எண்கள் பொறித்திருந்தால் அது வேகமானி. ஆயர் குரோவிலிருந்து வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் காரில் போகும்போது பின்னிருக்கையில் இருப்பவர் ஒரு கிலோமீட்டர் குறியில் பொத்தானை அழுத்தி, அடுத்த குறியில் நிறுத்தலாம். முள் 45 விநாடியில் நின்றால் அதற்கு நேரே 80 என்றிருக்கும். 3,600ஐ 45ஆல் வகுத்துப் பார்த்தாலும் அதே விடை; கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி ஓட்டுபவர் இதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. முட்டை வேகவைப்பதற்கும், நாடித் துடிப்பை எண்ணுவதற்கும், திடலைச் சுற்றி மெதுவோட்டம் போவதற்கும் இக்கடிகாரம் ஏற்றது. உண்மையில் வாங்கியவர்களில் பலர் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. பொத்தானை அழுத்தி முள் ஓடுவதைப் பார்ப்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி. அதில் குற்றமும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. சில கடிகாரங்களில் மூன்று கண்களில் ஒன்று வெறும் 24 மணி வட்டம். பெரிய மணிமுள் சொல்வதையே அதுவும் சொல்லும். சில வகைகள் அறுபது நிமிடத்துக்குமேல் அளக்கா. மங்கிய வெளிச்சத்தில் சிறு வட்டங்களைப் படிக்க நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும்.

பெரிய சிக்கல் மின்கலம். விநாடிக்கு ஒரு படி நகரும் ஒரே மோட்டார் என்றால் பொத்தான் மின்கலம் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். அளக்கும் முள்ளை அழகுக்காக இரவும் பகலும் ஓடவிட்டால் அது விரைவில் தீர்ந்துபோகும். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே அந்த முள் ஓடும் என்று கணக்கிட்ட ஆயுள். தீர்ந்துபோன மின்கலத்தை உள்ளேயே விட்டுவிடுவது அதைவிட மோசம். நாளடைவில் அது காரத் திரவத்தைக் கசியவிடும். மெல்லிய கம்பிச்சுருளும் மின்சுற்றும் அரித்துப் போகும். இழுப்பறைக்குள் 'தூங்கும்' கடிகாரங்கள் பல இப்படித்தான் சாகின்றன. மின்கலத்தை மிச்சப்படுத்தத் திருகியை வெளியே இழுத்து வைப்பவர்களும் உண்டு. குளிர்ந்த, வறண்ட நாட்டில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். மலாக்காவின் ஈரக் காற்றில், இழுத்த திருகியின் வழியே ஈரம் உள்ளே நுழைய வாய்ப்பிருக்கிறது.

ஈரத்தையும் வியர்வையையும் தடுப்பவை பின்மூடியின் அடியிலும் பொத்தான்களைச் சுற்றியும் உள்ள சிறு ரப்பர் வளையங்கள். ரப்பர் விளைந்த மண்ணில் சொல்வதற்கு வேடிக்கையாக இருக்கும்: அவை பெரும்பாலும் செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும் என்பதால் இதற்கு ஒத்து வராது. எந்த ரப்பரானாலும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். சாதாரணக் கடிகாரத்தில் நீர் நுழையத் திருகி ஒரு வழி. குரோனோவில் இரண்டு பொத்தான்களும் சேர்ந்து மூன்று வழி. முகப்பின் பின்புறம் '30 மீட்டர்' என்று இருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று பொருளில்லை. மழைத் துளிக்கும் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் தாங்கும், அவ்வளவுதான். நீருக்குள் பொத்தானை அழுத்துவது வாசலைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

காந்தமும் ஒரு பகை. மோட்டாரின் சுழலும் பகுதியே ஒரு சிறு காந்தம் என்பதால், கைப்பேசி உறையின் காந்தப் பூட்டோ ஒலிபெருக்கியோ அருகில் இருந்தால் முள் நின்றுவிடலாம். நல்லவேளையாக, விலக்கினால் மீண்டும் ஓடும். நேரத்தைத் திருத்தினால் போதும்.

மின்கலம் மாற்றிய பிறகு அளக்கும் முள் பன்னிரண்டில் நிற்காமல் ஓரிரு விநாடி தள்ளி நிற்பதும் உண்டு. 'கடிகாரம் கெட்டுவிட்டது' என்று பலர் கலங்குவார்கள். பல வகைகளில் திருகியை இழுத்துவிட்டுப் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தினால் முள் படிப்படியாக இடத்துக்கு வந்துவிடும். இதற்குக் கூலி கேட்கும் கடையும் உண்டு. சிரித்துக்கொண்டே செய்து கொடுக்கும் கடையும் உண்டு. வி.கே. போன்ற கலப்பின வகையில் மட்டும் மூடியைத் திறந்து முள்ளையே கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

பழுது பார்ப்பதுதான் கடைசிக் கேள்வி. 7ஏ28 போன்ற தொடக்ககால இயந்திரங்களை உலோகத்தில் செய்தார்கள். கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டலாம். இன்றைய மலிவான இயந்திரங்கள் பலவற்றில் பற்சக்கரங்கள் நெகிழியால் ஆனவை. அவற்றைப் பழுது பார்க்கக் கூலி கொடுப்பதைவிடப் புதிய இயந்திரத்தையே மாற்றுவது மலிவு. அந்த மாதிரி இன்னும் தயாரிப்பில் இருந்தால் அரை மணி நேர வேலை. தயாரிப்பு நின்றுபோயிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் முகப்பும் பெட்டியும்தான் மிஞ்சும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை, உதிரிப் பாகம் கிடைக்கும்வரை, மகனுக்கும் பேரனுக்கும் ஓட்டிக் கொடுக்க முடிந்தது. அப்பா கட்டியிருந்த கடிகாரம் என்பதற்காகவே வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

ஆகவே கண்ணாடிப் பெட்டியின்முன் நிற்கும் பையன் விலையைக் கேட்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: உள்ளே எந்த மெஷின், அது இன்னும் பரவலாகக் கிடைக்கிறதா, மின்கலம் மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் பார்த்து மாற்றுவார்களா. வாங்கிய பிறகு அளக்கும் முள்ளை வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சில குவார்ட்ஸ் கடிகாரங்களில் விநாடி முள் இரண்டிரண்டு விநாடியாகத் தாவத் தொடங்கினால் மின்கலம் தீரப்போகிறது என்று அறிவிப்பு. அன்றே கடைக்குப் போவது நல்லது. கழற்றிய பொத்தான் மின்கலத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் கடையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பளபளவென்று மிட்டாயைப் போலத் தெரியும் அதைக் கைக்குழந்தைகள் விழுங்கினால் சில மணி நேரத்திலேயே தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.